வகுப்பறையா, வீடியோ பாடமா?

ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில், பொறியியல் பாட வீடியோக்களை இலவசமாகப் பார்க்கலாம். புரியாத இடத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். வகுப்பறையில் இந்த வசதி கிடையாது.

ஆனால், உங்கள் முகத்தைப் பார்த்தே 'புரியவில்லை' என்று அறிந்து, வேறு விதமாக விளக்க வீடியோவால் முடியாது. புரோகிராமில் விட்டுப்போன அடைப்புக்குறியைப் பக்கத்து சீட் நண்பர் சுட்டிக் காட்டுவதும் லேபில்தான் நடக்கும். இத்திட்டத்திலேயே சான்றிதழ் தேர்வைத் தேர்வு மையத்துக்கு நேரில் சென்றுதான் எழுத வேண்டும். பெரும்பாலான பாடங்களில் 75 சதவீத மதிப்பெண் அதற்குத்தான்.

எனவே வீடியோவை வீட்டில் பாருங்கள். சந்தேகங்களைக் குறித்து வைத்து, மறுநாள் ஆசிரியரிடம் கேளுங்கள். வீடியோதான் இருக்கிறதே என்று வகுப்பைக் கட் அடித்தால், சந்தேகமும் தேர்வு மையம் வரை உங்களுடனேயே வரும்!