ஆமை சுமக்கும் உலகம்

நகைச்சுவை நூல் என்றாலே அதனை ஒருபடி தாழ்த்தி எண்ணுவது நம்மவரிடையே வேரூன்றிவிட்ட வழக்கமாகும். அதனோடு மாயமும் மந்திரமுஞ் சேர்ந்துவிட்டாலோ, “இது சிறு பிள்ளைகளின் விளையாட்டு” என்று பெரியோர் ஒதுக்கிவிடுகின்றனர். “இதனை வாசித்தாற் பரீட்சையில் ஒரு புள்ளியேனுங் கூடுமா?” என்று பெற்றோர் வினவுகின்றனர். இவ்விரு பழிகளையும் ஒருங்கே சுமந்து நிற்கும் நூல்வரிசை ஒன்றை இவ்வாரம் வாசக நேயர்களுக்கு அறிமுகஞ் செய்ய விரும்புகின்றேன். 41 நாவல்களைக் கொண்டது அது. 1983ஆம் ஆண்டிலே தொடங்கி 2015ஆம் ஆண்டுவரை வெளிவந்தது. ‘டிஸ்க்வேள்ட்’ என்பது அதன் பெயர். தட்டுலகம் என்று நாம் தமிழிற் கூறலாம். அதனை ஆக்கியவர் ரெறி பிராட்செற் என்னும் ஆங்கிலேயர்.

அவர் படைத்த உலகம் உருண்டையானதன்று. உணவுத் தட்டைப்போலத் தட்டையானது. அத்தட்டினை நான்கு யானைகள் தம் முதுகிலே தாங்கி நிற்கின்றன. அந்நான்கு யானைகளும் ஒரு மாபெரும் ஆமையின் ஓட்டின்மீது நிற்கின்றன. ஆமையோ வானவெளியில் ஓயாது நீந்திச் செல்கின்றது. மந்தர மலையை முதுகிலே தாங்கிய கூர்மத்தையும், எட்டுத் திக்கிலும் நிற்கும் யானைகளையும் பாட்டிமார் வாயிலாகக் கேட்டு வளர்ந்த நமக்கு இக்காட்சி அந்நியமானதன்று. உலகைத் தாங்கும் யானையும் ஆமையும் பற்றிய பாரத நாட்டுக் கதை நெடுங்காலத்துக்கு முன்னரே ஐரோப்பாவுக்குச் சென்றுவிட்டது. பதினேழாம் நூற்றாண்டிலே வாழ்ந்த ஜோன் லொக் என்னுந் தத்துவ அறிஞர் தமது நூலில் அக்கதையை எடுத்தாண்டு, அவ்வாமையைத் தாங்குவது யாது என்னும் வினாவை எழுப்பியுள்ளார். அவர் வினாவாக விட்டதைப் பிராட்செற் கதைக்களமாக ஆக்கிக்கொண்டார்.

ஆசிரியரைப் பற்றிச் சில சொற்கள் கூறுதல் தகும். 1948ஆம் ஆண்டு இங்கிலாந்திலே பக்கிங்ஹாம்ஷயர் என்னும் பகுதியில் அவர் பிறந்தார். பதினேழாம் வயதிலே பாடசாலையை விட்டு நீங்கி, ஓர் ஊர்ப் பத்திரிகையிலே நிருபராகச் சேர்ந்தார். பல்கலைக்கழகத்தின் வாயிலை மாணவனாக அவர் மிதித்ததில்லை. ஊர் வாசிகசாலையே தமக்குக் கல்வி தந்தது என்று அவர் கூறுவதுண்டு. பின்னர் மின்சார சபை ஒன்றின் செய்தித்தொடர்பு அலுவலராக உத்தியோகம் பார்த்துக்கொண்டே தட்டுலகக் கதைகளை எழுதத் தொடங்கினார். ‘த கலர் ஒவ் மஜிக்’ என்னும் முதல் நாவல் 1983இல் வெளியாயிற்று. 1987இல் உத்தியோகத்தைத் துறந்து முழுநேர எழுத்தாளரானார். 2009ஆம் ஆண்டிலே ‘சேர்’ பட்டம் பெற்றார்.

நாற்பத்தொரு நூல் என்றதும் நேயர்கள் மலைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு நாவலும் தன்னளவில் முடிந்த முழுக்கதை. ஒன்றை வாசித்தபின்னரே மற்றொன்று என்ற கட்டாயமில்லை. எனினும் அவற்றுள்ளே சில குடும்பங்கள் உண்டு. கோழையான மந்திரவாதி ஒருவனைச் சுற்றிய கதைகள் சில. மலைநாட்டுச் சூனியக்காரிகள் மூவரைப் பற்றியன சில. அங்-மோர்ப்போர்க் என்னும் அழுக்கும் ஆரவாரமும் நிறைந்த மாநகரின் காவற்படையைப் பற்றியன சில. மரணத்தையே கதாநாயகனாகக் கொண்டன சில. ஒரு கதையிலே வீதியோரத்திற் கண்ட பாத்திரம் மற்றொரு கதையிலே நடுமுற்றத்துக்கு வந்துவிடும். ஆதலால் வாசிக்க வாசிக்க நாமும் அந்நகரவாசிகளாகி விடுகின்றோம்.

இவருடைய நகைச்சுவை எவ்வாறு பிறக்கின்றது என்பதை ஓர் உதாரணத்தாற் காட்டுகின்றேன். அங்-மோர்ப்போர்க் நகரிலே களவை ஒழிக்க முடியவில்லை. ஆகவே நகரை ஆளும் வெற்றினாரி பிரபு கள்வர்களுக்கு ஒரு சங்கம் அமைத்து, அதனைச் சட்டபூர்வமாக்கி விடுகின்றார். ஆண்டுக்கு இவ்வளவுதான் களவு என்று அளவு விதிக்கப்படுகின்றது. களவு கொடுத்தவருக்குப் பற்றுச்சீட்டு வழங்கப்படுகின்றது. அனுமதியின்றித் திருடுபவனைச் சங்கத்தாரே பிடித்துத் தண்டித்து விடுகின்றனர். முதலில் ஓர் அபத்தத்தை முன்வைத்து, அதன்பின் தர்க்கத்தினின்றும் அணுவளவும் பிசகாது அதனை முடிவுவரை கொண்டுசெல்லுதலே இவரது முறை. சிரித்து முடித்தபின் நம் ஊர்க் கந்தோர்கள் சில நினைவுக்கு வருமாயின் அதற்கு ஆசிரியர் பொறுப்பாளியல்லர்.

இதுவரை கூறியது வெறும் வேடிக்கை என்று எண்ணுவோர் ‘மென் அற் ஆம்ஸ்’ (1993) என்னும் நாவலைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். அதிலே வைம்ஸ் என்னுங் காவற்படைத் தலைவன் வறுமையைப் பற்றிச் சிந்திக்கின்றான். அவனது மாதச் சம்பளம் முப்பத்தெட்டு டொலர். நல்ல தோற் சப்பாத்து ஐம்பது டொலர். மட்டமான சப்பாத்து பத்து டொலர். ஐம்பது டொலர் கொடுக்க வல்லவன் வாங்குஞ் சப்பாத்து பத்தாண்டு உழைக்கும். வறியவன் வாங்கும் மட்டச் சப்பாத்தோ ஓரிரு பருவத்தில் அடி தேய்ந்துவிடும். அதே பத்தாண்டில் அவன் நூறு டொலர் செலவழித்திருப்பான். ஆயினும் அவன் பாதங்கள் ஈரத்திலேயே இருக்கும். செல்வர் செல்வராயிருப்பதற்குக் காரணம் அவர்கள் குறைவாகச் செலவழிப்பதே என்று அவன் முடிவு காண்கின்றான். தவணைக்கடனிற் பொருள் வாங்கியவரும், ஒழுகுங் கூரையை ஆண்டுதோறும் வேய்ந்தவரும் இதற்கு விளக்கம் வேண்டார். பொருளியற் பாடநூலிலே பல பக்கங்களிற் கூறவேண்டிய உண்மையை ஒரு சோடிச் சப்பாத்தினாற் கூறிவிட்டார் ஆசிரியர்.

அடுத்து, மரணம் என்னும் பாத்திரம். நம்முடைய எமதருமன் எருமை மீது வருகின்றான். தட்டுலகத்து மரணமோ வெள்ளைக் குதிரை மீது வருகின்றான். எலும்புக்கூட்டு உருவமும் கையில் அரிவாளும் உடையவன், எனினுங் கொடியவனல்லன். பூனைகளிடத்து அன்பு கொண்டவன். மானிடர் ஏன் இவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதை அறிய விரும்பி ஓயாது முயல்பவன். ‘மோர்ட்’ (1987) என்னும் நாவலிலே அவன் ஒரு நாட்டுப்புறச் சிறுவனைத் தொழில் பழகச் சேர்த்துக்கொண்டு, தான் ஓர் உணவுச்சாலையிற் சமையற்காரனாகி மகிழ்ந்திருக்கின்றான். சிறுவனோ இரக்கத்தால் ஓர் இளவரசியின் உயிரைக் கவராது விடுகின்றான்; அதனால் உலகநியதியே கலங்குகின்றது. ‘றீப்பர் மான்’ (1991) என்னும் நாவலிலே பதவியினின்றும் நீக்கப்பட்ட மரணம், ஒரு முதிய பெண்மணியின் பண்ணையிலே கூலியாளாக வந்து சேர்ந்து, தனக்கும் ஒருநாள் முடிவுண்டு என்பதை முதன்முறையாக உணர்கின்றான். மணற்கடிகையிலே தன் மணல் வடிவதை அவன் பார்த்திருக்கும் பக்கங்களை வாசிப்போர் சிரிப்பினூடே கண்கலங்காதிரார்.

சமயத்தைப் பற்றிச் சிந்திக்க விழைவோருக்கு ‘சிமோல் கோட்ஸ்’, அதாவது சிறு தெய்வங்கள், என்னும் 1992ஆம் ஆண்டு நாவலைப் பரிந்துரைக்கின்றேன். ஒரு பெரிய நாட்டின் முழுமுதற் கடவுள் பூமிக்கு இறங்கி வருகின்றார்; வந்தபின் தாம் ஒரு சிற்றாமையாகக் கிடப்பதைக் காண்கின்றார். அவர் பெயரால் கோயில்கள் உண்டு, சட்டங்கள் உண்டு, சித்திரவதைக்கூடமும் உண்டு. ஆனால் அவரை மெய்யாகவே நம்புபவன், எழுத வாசிக்கத் தெரியாத, எதனையும் மறவாத ஓர் எளிய பணியாள் மட்டுமே. ஏனையோர் நம்புவது கடவுளையன்று, அதிகாரத்தையும் அச்சத்தையுமே. நம்பிக்கையை எள்ளி நகையாடும் நூல் அன்று இது. நம்பிக்கை எங்கே முடிகின்றது, அதன் வெற்றுக்கூடு எங்கே தொடங்குகின்றது என்று தேடும் நூல் இது. எச்சமயத்தவருந் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள உதவுவது.

‘ஜிங்கோ’ (1997) என்பது போரைப் பற்றியது. இரு நகரங்களுக்கிடையே கடலினின்றும் ஒரு தீவு திடீரென எழுகின்றது. அதில் உருப்படியான பொருள் எதுவுமில்லை. ஆயினும் அது தமக்கே உரியதென்று இருசாராரும் வாதிடத் தொடங்குகின்றனர். நேற்றுவரை அயலவராக வாழ்ந்த கடைக்காரர் இன்று அந்நியராகின்றார், அவர் கடைக்கண்ணாடி உடைகின்றது, வீரப்பேச்சுகள் பெருகுகின்றன. போரின் விலையை அறிந்த நம் நாட்டு வாசகர் இந்நூலை வாசிக்கையில் சிரிப்பு இடைக்கிடை தொண்டையில் நின்றுவிடும். தீவின் கதி என்னவாயிற்று என்பதை நூலிலேயே கண்டுகொள்க.

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணாக்கருக்கு ‘வியேட் சிஸ்ரர்ஸ்’ (1988) தனி விருந்தாகும். ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தைப் பாடமாகக் கற்றோர், அரசனைக் கொன்று பதவியேறிய பிரபுவையும், அவன் மனைவியையும், மூன்று சூனியக்காரிகளையும் இங்கே தலைகீழாகக் காண்பர். மூலத்தை அறிந்தவனுக்கே நையாண்டி முழுதுஞ் சுவைக்கும். ஆகவே பரீட்சைப் புள்ளியைப் பற்றி வினவிய பெற்றோருக்கும் இதிலே ஒரு விடை உண்டு.

குறைகளையுங் கூறாது விடுதல் நேர்மையன்று. முதலிரு நாவல்களும் பிற கற்பனைக் கதைகளைக் கேலிசெய்யும் நோக்குடன் எழுந்தவை. அக்கதைகளை அறியாதவர்க்கு அவை சப்பென்றிருக்கும். வரிசைப்படி வாசிக்க வேண்டுமென்று முதல் நூலை எடுத்து, அங்கேயே சலித்துக் கைவிட்டோர் பலர். சொல் விளையாட்டும் சிலேடையும் மிகுதியாதலின் ஆங்கிலப் பயிற்சி குறைந்தோர் சில இடங்களில் இடர்ப்படுவர். பெரும்பாலான நாவல்கள் அத்தியாயங்களாகப் பிரிக்கப்படவில்லை; எங்கே நிறுத்துவதென்று தெரியாது. ஆனால் பக்கத்தின் அடியிலே வரும் அடிக்குறிப்புகளைத் தவறவிடலாகாது; சிறந்த நகைச்சுவைகள் பல அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

2007ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே, தமக்கு ஒருவகை அல்ஸைமர் நோய் கண்டிருப்பதாகப் பிராட்செற் வெளிப்படையாக அறிவித்தார். சொல்லையே செல்வமாகக் கொண்டவருக்கு மூளையைச் சிறிது சிறிதாக அழிக்கும் நோய் வந்தது. அதனை அவர் மறைக்கவில்லை. நோயாராய்ச்சிக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டொலரை நன்கொடையாக அளித்தார். தட்டச்சு செய்யுந் திறன் கைவிட்டபோது, வாயாற் சொல்லி உதவியாளரைக் கொண்டும் கணினியைக் கொண்டும் எழுதுவித்தார். நோயை அறிவித்தபின் தட்டுலக நாவல்கள் மட்டும் ஐந்து வெளிவந்தன. 2015ஆம் ஆண்டு மார்ச் 12ஆந் தேதி, 66ஆம் வயதிலே அவர் காலமானார். அவ்வாண்டே வெளிவந்த ‘த ஷெப்பேட்ஸ் கிறவுண்’ என்னும் இறுதி நாவலில், தாம் பெரிதும் நேசித்த பாத்திரம் ஒன்றை, தாமே படைத்த மரணத்தின் கையிலே அமைதியாக ஒப்படைத்திருக்கின்றார். முற்றுப்பெறாத எழுத்துகள் அடங்கிய கணினித் தட்டு, அவர் விருப்பப்படியே 2017ஆம் ஆண்டில் ஒரு பழைய நீராவி உருளை இயந்திரத்தாற் நசுக்கப்பட்டது. தம் முடிவிலும் ஒரு நகைச்சுவையை வைத்துவிட்டே சென்றார்.

இனி, எங்கே தொடங்குவது? பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ‘த வீ ஃபிறீ மென்’ (2003) பொருந்தும். சட்டி ஒன்றை ஆயுதமாக ஏந்தித் தன் தம்பியை மீட்கச் செல்லும் ஒன்பது வயதுச் சிறுமியின் கதை அது. கார்னகி பதக்கம் பெற்ற ‘த அமேஸிங் மொறிஸ்’ என்னும் பூனைக்கதையும் (2001) இளையோருக்குரியதே. மேல்வகுப்பு மாணாக்கர் ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ (1989) என்னுங் காவற்படைக் கதையிலோ ‘மோர்ட்’ நாவலிலோ தொடங்குக. உத்தியோகத்தில் இருப்போருக்கு, தூக்குமேடையினின்றும் மீட்கப்பட்ட ஓர் ஏமாற்றுக்காரன் பாழடைந்த தபாற்கந்தோரைப் பொறுப்பேற்கும் ‘கோயிங் போஸ்ரல்’ (2004) மிகவும் பிடிக்கும். சிந்தனையில் நாட்டமுடைய முதியோர் ‘சிமோல் கோட்ஸ்’ நூலை நேரே எடுக்கலாம். ‘நைற் வோச்’ (2002) என்பதைச் சில காவற்படைக் கதைகளை வாசித்து முடித்தபின் வாசித்தல் நலம். வைம்ஸ் என்பவனை அறிந்தவர்க்கே அதன் ஆழம் புலப்படும்.

ஒரு வீட்டிலே தந்தையும் மகளும் ஒரே நூலை மாறி மாறி வாசித்து, “அந்த இடம் வந்துவிட்டதா?” என்று ஒருவரையொருவர் கேட்டுச் சிரிப்பது இக்காலத்தில் அருகி வருங் காட்சி. அதனை மீட்டுத் தரவல்ல நூல்கள் இவை. பெற்றோர் முதலில் ஒன்றைத் தாமே வாசித்துப் பார்க்கட்டும். அதன்பின் அது பிள்ளைகளுக்குரியதா பெரியோருக்குரியதா என்று தீர்மானிக்கட்டும். நூல் ஒன்று, வாசிப்போர் இருவர் என்னும் நிலையில், அதனை முதலில் வாசிப்பது யார் என்பதே பெரும்பாலும் வீட்டில் எழும் வழக்காக இருக்கும்.