ஒரே மாவில் ஐந்து பலகாரம்

நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கணிப்பொறியில் பராமரிக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருந்து வருகிறது. முகவரிச் சீட்டு அச்சிட, சந்தா பாக்கி பார்க்க, விலாசம் திருத்த என்று பெர்ல் மொழியில் ஐந்து சிறு நிரல்கள் எழுதியிருந்தேன். முதலாவதை எழுதி, அதையே நகலெடுத்து, அங்கங்கே மாற்றி மற்ற நான்கையும் செய்தேன். வேலை சுலபமாக முடிந்ததில் எனக்குப் பெருமைதான்!

பிறகு வந்தது வினை. பட்டியல் காலியாக இருந்தால் எழுதாமல் நின்றுவிட வேண்டும் என்ற சோதனையை நான்கு நிரல்களில் சேர்த்தேன். ஐந்தாவதில் மறந்து போனேன். பொங்கல் விழாவுக்கு முந்தைய வாரம் அந்த ஐந்தாவது நிரல், உறுப்பினர் பட்டியலின் மேல் வெற்றுப் பட்டியலை எழுதிவிட்டது. பழைய பிரதி ஒன்று இருந்ததால் பெரும்பகுதி தப்பியது. ஆனால் அதன்பின் சேர்ந்த இரண்டு குடும்பங்களுக்கு அழைப்புப் போகவில்லை. இந்த ஊரில் அவர்களுக்கு அதுதான் முதல் பொங்கல்.

இட்லிக்கும் தோசைக்கும் ஊத்தப்பத்துக்கும் வீட்டில் தனித்தனியாகவா மாவு அரைக்கிறோம்? நிரல்களுக்கும் அப்படி ஒரு பொது மாவு உண்டு. அதன் பெயர் 'பேஸ் கிளாஸ்', அதாவது அடிப்படை வகுப்பு. லாரி வால் 1987-இல் வெளியிட்ட பெர்லுக்கு, 1994-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இந்த வசதியைக் கொடுத்தது.

என் அடிப்படை வகுப்பில் 'ரன்' என்று ஒரு செயல்கூறு. கட்டளை வரியில் நாம் தட்டும் விருப்பங்களை, பெர்லுடனேயே வரும் 'கெட்ஆப்ட் லாங்' துணையோடு அது படிக்கும். 'ஹெல்ப்' என்று கேட்டால் உதவிக் குறிப்பைக் காட்டி முடித்துக்கொள்ளும். இல்லையேல் அந்தந்த நிரலின் சொந்த வேலையான 'மெயின்' பகுதியை அழைக்கும். பிழை நேர்ந்தால் அதைப் பிடித்து, பிழைக்கான தனி வழியில் செய்தி சொல்லி, 1 என்ற எண்ணுடன் வெளியேறும். எல்லாம் சரியென்றால் 0. அடுத்த நிரலை ஓட்டலாமா என்பதை இந்த எண்ணை வைத்தே முடிவு செய்யலாம்.

கோப்பில் எழுதும் வேலையும் இங்கேதான். காலிப் பட்டியலை மறுக்கும். முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி, முழுதாக முடிந்த பின்பே பெயர் மாற்றும். 'ஒத்திகை' என்று சொன்னால், செய்யப்போவதைத் திரையில் மட்டும் காட்டும்.

ஒவ்வொரு நிரலிலும் 'யூஸ் பேரண்ட்' என்ற ஒரு வரி போதும். செயல்கூறு எதுவானாலும் பெர்ல் முதலில் பிள்ளையிடம் தேடும். இல்லாவிட்டால் தாயிடம் போகும். ஆகவே பிள்ளை தனக்கு வேண்டியதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. மாவில் உப்பு கூடினால் எல்லாப் பலகாரமும் கெடும். அடிப்படை வகுப்பைத் திருத்தினால் ஐந்து நிரல்களையும் ஒத்திகை பார்த்தாக வேண்டும். எந்தப் பிள்ளையும் தாயைத் தாண்டித் தானாகக் கோப்பில் எழுதவும் கூடாது.

அந்த இரண்டு வீடுகளுக்கும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த பொங்கல் அழைப்பை முதலில் அச்சிட்டது அவர்களுக்குத்தான்.