மேற்படிப்பு நேர்முகத்திற்குச் செல்லுமுன்

அமெரிக்க சர்வகலாசாலைகள் பலவற்றில், உயிரியல், பயிர் விஞ்ஞானம் முதலிய துறைகளில் டாக்டர் பட்டத்திற்கு மனுச் செய்தோருள் தேர்ந்த சிலரை, பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள், இரண்டொரு நாள் நேரில் வரவழைத்துப் பேசிப் பார்ப்பது வழக்கம். நெட்டுருப் போட்ட பாடம் அங்கே உதவாது. தான் செய்த ஆராய்ச்சி யாது, அதில் தவறியது எது, ஏன் தவறியது என்பவற்றைச் சில வாக்கியங்களில் விளங்கச் சொல்லப் பழகுதல் வேண்டும். காணவிருக்கும் ஆசிரியர்களின் கட்டுரைகளில் ஒன்றிரண்டையாவது வாசித்துச் செல்வது நலம்.

நிலம் வாங்குவோன் விற்பவனை மட்டும் கேட்டுத் திரும்புவதில்லை. பக்கத்து வயற்காரனையும் விசாரிப்பான். அவ்வாறே, ஆசிரியர் இல்லாத வேளையில் அங்குப் பயிலும் மாணாக்கர்களிடம், உபகாரச் சம்பளம் போதுமா, பட்டம் பெற எத்தனை வருஷமாகிறது என்று கேட்டறிதல் அவசியம். ஐந்தாறு வருஷ உழைப்பு இதைப் பொறுத்தது. உபகாரச் சம்பளத்துடன் இடம் பெற்றோருக்கு அநேக சர்வகலாசாலைகள் ஏப்ரல் 15 வரை தவணை தருவதால், அவசரப்பட்டு ஒப்ப வேண்டுவதில்லை.