யானைக்குத் திறந்த தீவு

மலேசியாவின் ஜொகூரில் உள்ள தஞ்சோங் பெலுங்கோர் படகுத்துறையில் நின்றால் எதிரே பச்சையாகத் தெரிவது புலாவ் தெக்கோங். 1990-இல் ஜொகூர்க் காட்டு யானைகள் மூன்று கடலை நீந்திக் கடந்து அங்கே கரையேறின. பிடித்து ஜொகூருக்கே திருப்பி அனுப்பினார்கள். நமக்கு அப்படிக் கரையேறும் வாய்ப்பும் இல்லை. 1987-இல் கடைசிக் குடும்பங்களும் வெளியேறிய பின், தீவு முழுக்கச் சிங்கப்பூர் இராணுவப் பயிற்சிக்குப் போய்விட்டது. இன்று அங்கே கால் வைக்க வேண்டுமென்றால் தேசிய சேவைக்குப் போக வேண்டும், அல்லது போகும் பிள்ளையை வழியனுப்பப் போக வேண்டும்.

மூடிய தீவு அதே அளவில் கிடந்தாலும் பரவாயில்லை. அது வளர்ந்துகொண்டே இருக்கிறது. சிங்கப்பூர் கடலைத் தூர்த்த வேகத்தைப் பார்த்து மலேசியா 2003-இல் ஹம்பர்க் கடல்சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2005 ஏப்ரலில் சமரசம். தூர்ப்பின் ஒரு பகுதியில் கரையின் வடிவத்தை மாற்றவும், மலேசிய மீனவர்களுக்கு 374,400 ரிங்கிட் இழப்பீடு தரவும் ஒப்புக்கொண்டார்கள். வலை வீசிய நீருக்கு விலை போட்டாயிற்று. தூண்டிலோடு சும்மா சம்பானில் போய்வந்தவனுக்கு என்ன கணக்கு? அவனை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை.

2016-இல் அடுத்த அறிவிப்பு: டச்சுக்காரர் பாணியில் அணை கட்டி, உள்ளிருக்கும் நீரை இறைத்து, தெக்கோங்கின் வடமேற்கு முனையில் 810 ஹெக்டேர். மணல் செலவு குறைவு என்றார்கள். பயன்? பயிற்சி நிலம். பொதுமக்கள் ஒருநாளும் நடக்காத கரைகள் இப்படித்தான் புதிதாகப் பிறக்கின்றன.

சின்ன நாடு, படை பழக இடம் வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான்.

என் கவலை பக்கத்துத் தீவான உபினைப் பற்றியது. அங்குள்ள செக் ஜாவா ஈரநிலமும் தூர்ப்புத் திட்டத்தில் இருந்தது. நீர் வற்றும் நேரத்தில் கடல்நட்சத்திரமும் கடற்புல்லும் பார்க்கப் போனவர்கள் மனுமேல் மனு எழுதியதால் 2001 இறுதியில் அது நின்றது. நின்றது என்றா சொன்னேன்? தள்ளிவைக்கப்பட்டது. நிலம் தேவைப்படாத வரைக்கும் என்று அதற்கொரு நிபந்தனையும் உண்டு. 2007 முதல் அங்குள்ள நடைபாலத்தில் குழந்தை குட்டிகளோடு உலாவுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

செக் ஜாவாவுக்காவது எழுத ஆளிருந்தது. தெக்கோங்கிற்காக எழுதியிருக்கக்கூடியவர்களை 1987-க்குள் படகேற்றிவிட்டார்கள்.