ஸ்கூல் போர்டு தேர்தல் பெங்களூருவில் உண்டா? அந்த நாற்காலி யாருக்கு?

டொரண்டோவிலோ நியூ ஜெர்சியிலோ சொந்தக்காரர்கள் இருந்தால் நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா, 15 வருட டீச்சர், ஸ்கூல் போர்டு வேட்பாளர்' என்கிற மாதிரி ஒரு போஸ்டர் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழும். பெங்களூருவில் ஃபீஸ் கட்டியே களைத்துப்போன உங்களுக்கு அடுத்த கேள்வி தானாக வரும்: இங்க இப்படி ஏதாவது இருக்கா?

இருக்கு. ஆனால் பெரும்பாலும் உங்களுக்கு இல்லை. உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கும், அபார்ட்மென்ட் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கும் இருக்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

வெளிநாட்டில் ஸ்கூல் போர்டு என்றால் என்ன?

ஒரு பகுதியின் எல்லா அரசுப் பள்ளிகளையும் சேர்த்து நடத்தும், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு. அமெரிக்காவில் இப்படி சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. கனடாவின் ஒன்டாரியோவில் 4 ஆண்டுக்கு ஒருமுறை, மாநகராட்சித் தேர்தல் நடக்கும் அதே நாளில் பள்ளி டிரஸ்டிகளுக்கும் ஓட்டு. நிற்பதற்கு உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் போர்டில் ஊழியராக இருக்கும் ஆசிரியர் லீவு போட்டுத்தான் நிற்க முடியும். ஜெயித்தால் வேலையை விட வேண்டும்.

அங்கே தமிழர்களுக்கு இது அரசியலின் முதல் படியாகவும் இருந்திருக்கிறது. இலங்கையில் பிறந்த நீதன் ஷான் 2006ல் யார்க் பகுதி போர்டுக்குத் தேர்வானார். பின்னாளில் டொரண்டோ போர்டின் தலைவரானார். யார்க் போர்டின் தலைவராக இருந்த ஜுவனிட்டா நாதன் 2025ல் நாடாளுமன்ற உறுப்பினரானார். ஆனால் அந்த அதிகாரமும் நிரந்தரமில்லை. 2025 ஜூனில் ஒன்டாரியோ அரசு டொரண்டோ போர்டைத் தன் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. டிரஸ்டிகளின் முடிவெடுக்கும் அதிகாரம், அரசு நியமித்த ஒரு அதிகாரியின் கைக்குப் போனது.

சரி, இந்தியாவில்?

நகரம் முழுவதற்கும் ஒரு போர்டு என்ற ஏற்பாடு இங்கே இல்லை. பள்ளிக்கு ஒரு குழு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது காப்பாளர்கள். பாதிப்பேர் பெண்கள். பின்தங்கிய, நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு விகிதாச்சார இடம்.

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கேந்திரிய வித்யாலயா போன்றவை இதற்குள் வரும். உதவி பெறாத தனியார் பள்ளிகள் வராது. 2012ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சிறுபான்மைப் பள்ளிகளிலும் மற்ற உதவி பெறும் பள்ளிகளிலும் குழு ஆலோசனை மட்டும்தான் சொல்ல முடியும்.

பெங்களூருவில் இதன் பெயர் என்ன?

எஸ்.டி.எம்.சி. பள்ளி வளர்ச்சி மற்றும் கண்காணிப்புக் குழு. கன்னடத்தில் 'ஷாலாபிவிருத்தி மத்து மேலுஸ்துவாரி சமிதி'. மத்தியச் சட்டத்துக்கு ரொம்ப முன்னாடியே, 2001 ஏப்ரலில் ஒரு அரசாணை மூலம் கர்நாடகம் இதைத் தொடங்கிவிட்டது. தலைவர், பெற்றோர்களில் ஒருவர். தலைமை ஆசிரியர் உறுப்பினர் செயலாளர். அதாவது, கூட்டத்தை நடத்த வேண்டியவர் ஹெச்.எம். இல்லை, ஒரு அம்மாவோ அப்பாவோ.

பெங்களூருவில் இதற்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அடுத்த 5 ஆண்டுகளுக்கு மேலாகத் தேர்தலே நடக்கவில்லை. வார்டில் போய் முறையிட ஒரு கவுன்சிலர்கூட இல்லாத அந்தக் காலத்திலும், தெருமுனை அரசுப் பள்ளியில் மக்கள் பிரதிநிதிகளுக்கு என்று சட்டம் ஒதுக்கிய இடம் இருந்தது.

குழுவின் கையில் என்ன அதிகாரம்?

ஆசிரியரை நியமிக்க முடியாது, நீக்க முடியாது. பாடத்திட்டத்தைத் தொட முடியாது. வரி போட முடியாது. சட்டம் தரும் வேலைகள் மூன்று: பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. மத்திய அரசின் மாதிரி விதிகள் இதை இன்னும் விரிக்கின்றன. மாதம் ஒரு கூட்டம், 3 ஆண்டுத் திட்டம், ஆசிரியர் வருகை, மதிய உணவு, வரவு செலவுக் கணக்கு எல்லாம் அதில் வருகின்றன.

பணம் எவ்வளவு? சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ் பள்ளிகளுக்கு ஆண்டு மானியம் உண்டு. 2018 விதிமுறைப்படி, 100 முதல் 250 மாணவர்கள் உள்ள பள்ளிக்கு 50,000 ரூபாய். மாதத்துக்குச் சுமார் 4,170. உங்கள் ஒரு ஃப்ளாட்டின் மெயின்டனன்ஸ் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதிலிருந்துதான் சாக்பீஸ், ரிப்பேர், டாய்லெட் சுத்தம். தொகை சின்னது என்பதாலேயே, அது எதற்குப் போகிறது என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

நான் டீச்சர், பெற்றோரும்கூட. எனக்கு இடம் உண்டா?

உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் பெற்றோராக நிற்கலாம். இல்லையென்றால் வழி குறுகிவிடும். மாதிரி விதிகள் பெற்றோர் போக மீதி இருக்கும் கால் பங்கை உள்ளாட்சிப் பிரதிநிதிகள், அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள், உள்ளூர் கல்வியாளர்கள் அல்லது மாணவர்கள் என்று மூன்றாகப் பிரிக்கின்றன.

தமிழ்நாட்டில் இது தெளிவாகவே இருக்கிறது. 2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடந்தது. அதைத் தொடர்ந்து அமைந்த 20 பேர் குழுவில் 15 பேர் பெற்றோர். கல்வியாளருக்கு ஒரு இடம். 2024 மறுசீரமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. ஊரில் நீங்கள் படித்த அரசுப் பள்ளி இருந்தால், உங்களுக்கான நாற்காலி பெங்களூருவைவிட அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

என் பிள்ளை தனியார் பள்ளியில். எனக்கு ஒன்றும் இல்லையா?

கிட்டத்தட்ட இல்லை. சி.பி.எஸ்.இ. அங்கீகார விதிகள் நிர்வாகக் குழுவில் 2 பெற்றோர் இருக்க வேண்டும் என்கின்றன. பெயர் ஒன்றுதான், கணக்கு வேறு. அங்கே பெற்றோர் பெரும்பான்மை, இங்கே அதிகபட்சம் 21 பேரில் இரண்டு பேர். குழுவை அமைப்பதும் பள்ளியை நடத்தும் டிரஸ்ட்டோ சொசைட்டியோதான். உங்கள் பள்ளிக் குழுவில் அந்த இருவர் யார், எப்படி வந்தார்கள் என்று கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு.

அப்போ நான் என்ன செய்யலாம்?

இந்த ஏற்பாட்டின் முரண் இதுதான். கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள், கணக்கு பார்க்கத் தெரிந்தவர்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டோம். நாற்காலி அங்கேயே இருக்கிறது. அதில் உட்கார வேண்டியவர் அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் கூட்டத்துக்கு வர வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்த அம்மாவாக இருந்தால், கன்னடத்தில் எழுதிய மினிட்ஸை யாராவது படித்துச் சொல்ல வேண்டும்.

அதனால் சின்னதாகத் தொடங்கலாம். வீட்டுக்கு வரும் அக்காவிடம் பிள்ளை எந்த ஸ்கூல் என்று கேளுங்கள். எஸ்.டி.எம்.சி. பற்றி அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாவிட்டால் மூன்று விஷயம் சொல்லுங்கள்: குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதி பெண்கள், தலைவரும் ஒரு பெற்றோர். அடுத்த பெற்றோர் கூட்டம் எப்போது என்று ஹெச்.எம்.மிடம் கேட்கச் சொல்லுங்கள். அவர் போகும் அன்றைக்கு லீவு கொடுங்கள், சம்பளம் பிடிக்காமல். மினிட்ஸ் நகல் கிடைத்தால், கன்னடம் தெரிந்த உங்கள் ஆபீஸ் நண்பரை வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

அவர் தேர்தலில் நிற்பாரா, மாட்டாரா என்பது அவர் முடிவு. நிற்கலாம் என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையா?