டயாலைசருக்குள் ஒரு நீர்ப்படலம்

வேலப்பன்சாவடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ரத்தத்தை வடிகட்டும்போது அதிலுள்ள புரதமும் சேர்ந்து போய்விடாதா?"

போகாமல் காப்பது, ரத்தத்தை வடிகட்டும் குப்பியான டயாலைசரின் வேலையில் பாதி. அந்தக் குப்பிக்குள் ஏறத்தாழ 10,000 நுண்குழல்கள். ஒவ்வொன்றின் உள்விட்டமும் சுமார் 200 மைக்ரான். குழல் சுவரின் துளைகள் யூரியாவை விடும், 66,000 டால்டன் எடையுள்ள ஆல்புமினை விடாது. துளையைச் சிறிதாக்குவது இன்று பெரிய வித்தையில்லை. தொல்லை, புரதம் ஒட்டிக்கொள்வதில்தான். குழல் சுவருக்குப் பயன்படும் பாலிசல்ஃபோன் பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் ஆகாது. புரதத்திலும் தண்ணீரை விட்டு ஒதுங்கும் இடங்கள் உண்டு. இரண்டும் ஒட்டிக்கொண்டால் துளைகள் அடைபடும்.

என் அம்மா பால் காய்ச்சும் முன் பாத்திரத்தை அலசி, ஈரத்தோடேயே பாலை ஊற்றுவார், அடிப்பிடிக்காது. குழல் சுவரான சவ்வுக்கும் அந்த ஈரம்தான் வேண்டும். நீரை இழுத்துப் பிடிக்கும் பாலிவினைல்பிரோலிடோனை அதில் சேர்க்கிறார்கள். மேலே மெல்லிய நீர்ப்படலம் நிற்பதால் புரதம் எளிதில் நெருங்காது.

இதைவிட எனக்கு வியப்பு தீராத வேலை காரைக்குடியில் நடந்தது. அழகப்பா அரசு கலைக் கல்லூரியின் ஏ. நாகேந்திரன் குழுவினர், கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்துத் தகேஷி மட்சூராவுடன் சேர்ந்து, பாலிஈதர்இமைடு கரைசலில் மேற்பரப்பை மாற்றும் மூலக்கூறுகளைக் கொஞ்சமாகக் கலந்து சவ்வு வார்த்தார்கள். வார்த்த சவ்வின்மேல் யாரும் எதையும் பூசுவதில்லை. மெல்லியதாகப் பரப்பிய கரைசலைத் தண்ணீரில் அமிழ்த்தினால் அது உறைந்து சவ்வாகும். உறைவதற்குள், கலந்துவிட்ட மூலக்கூறுகள் தாமே மேற்பரப்பைத் தேடிப் போய்விடுகின்றன! மாட்டு ஆல்புமின் கரைசலை வடித்துப் பார்த்தார்கள். ஒட்டல் குறைந்தது, கழுவியதும் நீரோட்டம் பெருமளவு மீண்டது.

மீண்டும் டயாலைசருக்கு வருவோம். அதைக் கழுவி அதே நோயாளிக்கு மறுபடி போடுவது நம் ஊரில் பரவலான வழக்கம். செலவை நினைத்தால் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ப்ளீச்சில் திரும்பத் திரும்பக் கழுவினால் அந்தப் பாலிவினைல்பிரோலிடோன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். துளைகள் அகலும், ஆல்புமின் கசியும். குழல்கள் கொள்ளும் அளவு முதலில் இருந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் டயாலைசரைத் தூக்கிப் போட வேண்டும் என்பது நெறி. அந்த அளவு காட்டுவது அடைப்பை மட்டும்தான், கசிவை அல்ல. இந்த வித்தியாசத்தை நோயாளிகளிடம் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

வேலப்பன்சாவடி வாசகியே, உங்கள் அப்பாவின் ஆல்புமின் அளவு இறங்கிக்கொண்டே வந்தால், சாப்பாடு, கிருமித்தொற்று போன்ற காரணங்களோடு இதையும் டாக்டரிடம் கேளுங்கள்: இது எத்தனையாவது ரீயூஸ், எதில் கழுவுகிறார்கள்?