ரோபோ குரல் பிறப்பது எப்படி?

பாட்டில் எந்திரக் குரல் கேட்டாலே ‘ஆட்டோடியூன்’ என்று சொல்லிவிடுகிறோம். பல பாடல்களில் அந்த வேலையைச் செய்வது அதைவிட மிகவும் மூத்த வோகோடர். ஆட்டோடியூன் வெளிவந்தது 1997-இல். வோகோடருக்கான ஆராய்ச்சி அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1928-இலேயே தொடங்கிவிட்டது.

தொலைபேசிக்காக வந்தது

அங்கே ஹோமர் டட்லி என்ற பொறியாளர், ஒரே கம்பியில் அதிக அழைப்புகளை அனுப்ப வழி தேடினார். பேசும்போது குரல்நாண்கள் நொடிக்கு 100, 200 தடவை அதிர்கின்றன. அந்த அதிர்வைச் சொல்லாக மாற்றும் நாக்கும் உதடும் மெதுவாகத்தான் அசைகின்றன. இந்த அசைவின் விவரத்தை மட்டும் அனுப்பிவிட்டு, அதிர்வை மறுமுனையில் செயற்கையாக உண்டாக்கிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க, பிரிட்டிஷ் தலைமைகள் ரகசியமாகப் பேசிக்கொள்ள உதவிய சிக்சாலி கருவியும் இந்த அடிப்படையில் அமைந்ததே. 1943-இல் இயங்கத் தொடங்கிய அதன் ஒரு முனையமே 50 டன்னுக்கு மேல் எடை கொண்டது.

உள்ளே நடப்பது என்ன?

இசையில் பயன்படும் வோகோடருக்கு இரண்டு ஒலிகள் வேண்டும். ஒன்று மைக்கில் வரும் குரல், மற்றொன்று சின்தசைசர் ஒலி. இரண்டையும் ஃபில்டர்கள் ஒரே மாதிரியான அதிர்வெண் பட்டைகளாகப் பிரிக்கின்றன. குரலின் ஒவ்வொரு பட்டையிலும் எவ்வளவு ஓசை இருக்கிறது என்று நொடிக்கு நொடி அளந்து, சின்தசைசரின் அதே பட்டையை அந்த அளவுக்கு ஏற்றி இறக்குகிறது கருவி. முறுக்கு பிழிவதுபோலத்தான்: மாவு சின்தசைசருடையது, அச்சு குரலுடையது.

1970-இல் இசைக்கலைஞர் வெண்டி கார்லோஸும் சின்தசைசர் வடிவமைப்பாளர் ராபர்ட் மூகும் இசைக்கென்று ஒரு வோகோடரை 10 பட்டைகளோடு உருவாக்கினார்கள். 1971-இல் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ படத்தில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை அது பாடியது. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு அதைப் பாப் இசைக்குள் கொண்டுவந்தது.

பயன்படுத்தும்போது

சின்தசைசர் ஒலி அடர்த்தியானதாக இருக்க வேண்டும். ரம்ப அலை எனப்படும் கரகரப்பான ஒலியில் எல்லாப் பட்டைகளிலும் சரக்கு இருக்கும். புல்லாங்குழல் போன்ற மெல்லிய ஒலியில் மேல் பட்டைகள் கிட்டத்தட்ட காலி. அதனால் சொல் விளங்காது. பட்டைகள் கூடினால் பேச்சு தெளியும், குறைந்தால் எந்திரத்தன்மை மிகும். ‘ச’, ‘ஷ’ போன்ற ஒலிகள் குரல்நாண் அதிராமல் வெறும் காற்றிரைச்சலாகப் பிறப்பவை. அவற்றுக்காகக் கொஞ்சம் இரைச்சலையோ, அசல் குரலின் மேல் அதிர்வெண்களையோ தனியே கலப்பது வழக்கம். சுருதியைச் சின்தசைசரின் கீபோர்டு பார்த்துக்கொள்வதால் பாடத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. உச்சரிப்பு தெளிவாக இருந்தால் சரி.

ஆட்டோடியூன் அப்படியல்ல. அது பாடியவரின் குரலையே வைத்துக்கொண்டு சுருதியை மட்டும் நகர்த்துகிறது. ஷெர் பாடிய ‘பிலீவ்’ (1998) பாடலின் துள்ளல் அப்படி வந்ததுதான். ஆனால் அதன் தயாரிப்பாளர்கள் முதலில் வோகோடர் என்றே பேட்டி கொடுத்தார்கள்.

காதால் பிரித்தறியவும் ஓர் எளிய வழி உண்டு. சுரங்கள் படிப்படியாகத் தாவினாலும் ஆள் யாரென்று தெரிந்தால் பெரும்பாலும் ஆட்டோடியூன். ஆள் அடையாளமே போய், ஒரே வாய் ஒரு கார்டின் பல சுரங்களையும் சேர்த்து உச்சரித்தால் பெரும்பாலும் வோகோடர்.